30 சென்ரிமீற்றர் வயரும் சைக்கிள் டியூப் வளையமும்

அக்கரைப்பற்றில் இருக்கும் நண்பன் நேற்றிரவு கேட்டான்: "மச்சான், கணினியின் புதுக் கேசிங்கில் வயர் எட்டவில்லை. நீ போட்ட எக்ஸ்டென்ஷன் எப்படி?" நல்லது என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். மூன்று வருட எரிச்சல் விடவில்லை.

கல்லடியில் என் கடைக் கணினிக்கும் இதே கதைதான். என் பழைய பவர் சப்ளை, பெட்டியின் மேற்பக்கம் பொருத்திய காலத்தது. புதிய கேசிங்கில் அது அடியில் உட்காருகிறது. சிபியுவுக்கு மின்சாரம் கொடுக்கும் 8 பின் (ஊசி முனை) வயரோ மதர்போர்டின் மேல் மூலைக்குப் போக வேண்டும். பின்பக்கத்தால் சுற்றிக் கொண்டுபோனால் ஒரு சாண் குறைகிறது. முன்பக்க யுஎஸ்பி வயருக்கும் அதே பஞ்சம். இரண்டுக்கும் 30 சென்ரிமீற்றர் எக்ஸ்டென்ஷன் வாங்கினேன்.

8 பின் வயரைச் செருகியபோது அதன் கொளுக்கி 'டிக்' என்று விழுந்தது. அதற்குப் பிறகு அதை மறந்தே போனேன். மூன்று மாரியும் மூன்று கச்சானும் போய், கடற்காற்றில் கேசிங்கின் ஆணிகள் கறல் பிடித்துவிட்டன. போன கிழமை கழற்றிப் பார்த்தேன். அந்த இணைப்பில் சூடு பட்ட தடயமே இல்லை.

உயிரை எடுப்பது மற்றது, முன்பக்க யுஎஸ்பி 3.0 வயர். 19 பின் கொண்ட அந்தப் பெரிய தலைக்குக் கொளுக்கியே கிடையாது, வெறும் இறுக்கத்தில் நிற்கிறது. வயர் தடிப்பு, வளைத்துவிட்டால் நிமிரப் பார்க்கும். நிமிர நிமிர, இரு தலைகளும் சந்திக்கும் இடம் மயிரிழை விலகும். முழுதாகக் கழன்றாலாவது தெரியும். கழலாது! பென்டிரைவ் வேலை செய்யும், ஆனால் பழைய யுஎஸ்பி 2.0 இன் மெதுவான வேகத்தில். 32 ஜிபி கல்யாணப் படம் ஏற்ற வந்தவர் கால் மணி நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். "தம்பி, பழைய கணினியா?" என்று ஒரு ஐயா கேட்டது இன்னும் சுடுகிறது. வைரஸ் என்று நினைத்து விண்டோஸை இரண்டு தரம் புதிதாகப் போட்டிருக்கிறேன்.

விற்றவரைக் குறை சொல்வது நியாயமில்லை. தலையை அப்படி வடிவமைத்தவர்களைத்தான் ஏச வேண்டும். கடைசியில் சைக்கிள் டியூபில் விரலகல வளையம் வெட்டி, இரு தலைகளின் முதுகையும் சேர்த்து இழுத்துப் பிடிக்கும்படி மாட்டினேன். எட்டு மாதமாக அசையவில்லை.

எக்ஸ்டென்ஷனுக்குப் பதிலாக வேறொரு பவர் சப்ளையின் கழற்றும் வயரைக் கொண்டுவந்து மட்டும் செருகிவிடாதே. ஹார்ட் டிஸ்க் வயரையே எடுத்துக்கொள், டிஸ்க் பக்கத்துத் தலை எல்லாவற்றிலும் ஒன்றுதான். பவர் சப்ளை பக்கத்துப் பின்களின் ஒழுங்கோ கம்பனிக்குக் கம்பனி வேறு. 5 வோல்ட் வர வேண்டிய கம்பியில் 12 வோல்ட் ஏறினால் ஹார்ட் டிஸ்க் கருகிப் போகலாம்.

பவர் வயரை வாங்கு. யுஎஸ்பி வயரை வாங்காதே. இதை எழுதும்போதும் ஒருவரின் படங்கள் அதன் வழியாக முழு வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கின்றன, இருந்தாலும் வாங்காதே. மீறி வாங்கினால் இந்தப் பக்கம் வா, டியூப் மிச்சம் இருக்கிறது.