மணாலியில் எடுத்த பைக்கிலேயே பாங்காங் போகலாம் என்கிறார்களா? அட்வான்ஸ் போடாதீர்கள்

செமஸ்டர் லீவில் இமாச்சலின் மணாலி, லடாக்கின் லே, நுப்ரா, பாங்காங் என்று பைக் டூர் போடும் கல்லூரிப் பிள்ளைகள் வருஷா வருஷம் ஒரே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். "9 நாள், ஒரே வண்டி, எல்லா இடமும் அடக்கம்" என்று வாட்ஸப்பில் கொட்டேஷன் வரும். அந்த "ஒரே வண்டி"தான் பொய். மணாலி வாடகை பைக்கில் லே வரை போகலாம். அதற்குமேல் நுப்ரா, பாங்காங் போக லடாக் வாடகை வண்டிதான் வேண்டும். மீறிப் போனால் உள்ளூர் பைக் சங்கத்தார் வழியில் மடக்கித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்தத் தொழிலில் இருக்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும். ஆனால் லே போய்ச் சேர்ந்த பிறகுதான், "யூனியன் பிரச்சினை தம்பி, இங்கே வேற வண்டி எடுத்துக்குங்க" என்பார்கள். மணாலி வண்டி ஓட்டல் வாசலில் சும்மா நிற்கும், அதற்கும் நாள் வாடகை ஏறும்.

சண்டை போடலாம் என்றால் போன் வேலை செய்யாது. நம்மூர் பிரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது, போஸ்ட்பெய்டு மட்டும்தான். குழுவில் இரண்டு பேராவது போஸ்ட்பெய்டு வைத்திருங்கள். ஜிபேயை நம்பாமல் ரொக்கமும் கொண்டுபோங்கள்.

வண்டியின் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கறுப்பில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் அது வாடகைக்கு விட உரிமம் உள்ள வண்டி. வெள்ளை போர்டு சொந்த உபயோக வண்டி. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கையை விரிப்பார். கார்புரேட்டர் வண்டி மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். உயரத்தில் காற்று மெலிந்து பெட்ரோல் அதிகமாகக் கலக்கும், பின்னால் ஆள் இருந்தால் லே போகும் வழியில் தங்லாங் லா கணவாய் ஏற்றத்தில் வண்டிக்கு மூச்சு வாங்கும். பெட்ரோல் போட வேண்டிய ஊரின் பெயரே தாண்டி. அதைத் தாண்டினால் பங்க் கிடைப்பது அரிது. டேங்கை நிரப்பி, 5 லிட்டர் கேனிலும் பிடித்துக்கொள்ளுங்கள்.

பணத்தைவிடப் பெரிய மோசம் தங்கும் இடத்தில். முதல் ராத்திரியே லே போகும் வழியில் உள்ள சர்ச்சுவில் டென்ட் போட்டிருப்பார்கள். மணாலி சுமார் 2,000 மீட்டர், சர்ச்சு கிட்டத்தட்ட 4,300. ஒரே நாளில் அவ்வளவு ஏறிப் படுத்தால் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை. சிலருக்கு மூச்சுத்திணறலே வரும், உடனே கீழே இறக்கியாக வேண்டும். அதற்கு முன்பே, உயரம் குறைந்த கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு ராத்திரி தங்கிவிட்டு ஏறுங்கள். ஒரு நாள் கூடும், கூடட்டும்.

டெபாசிட்டில் கை வைப்பது கடைசி நாளில். வண்டி எடுக்கும்போதே கடைக்காரர் பக்கத்தில் நிற்க, லீவர், ஃபோர்க், சைலன்சர், இண்டிகேட்டர், கிலோமீட்டர் எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக எடுங்கள். கிளட்ச் பிடிப்பு எப்படி என்று ஓட்டிப் பார்த்து அதையும் வாயால் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஓடைகளில் பாதிக் கிளட்ச் பிடித்து ஓட்டினால் கிளட்ச் பிளேட் கருகுவது உண்மைதான். ஆனால் முந்தைய ஆள் கருக்கியதற்கும் உங்களிடமே வசூலிப்பார்கள்.

டெல்லி வால்வோ மாலையில் கிளம்பும். அதைத் தெரிந்துகொண்டே "மெக்கானிக் வரணும்" என்று இழுத்தடித்து, நாலு மணிக்கு ஒரு பில்லை நீட்டுவார்கள். பஸ் போய்விடுமே என்ற பயத்தில் பிள்ளைகள் விட்டுக்கொடுத்துவிடுவார்கள். வண்டியைக் காலை பத்து மணிக்குள் ஒப்படையுங்கள். எந்த பஸ் என்று கேட்டால், நாளைக்குத்தான் கிளம்புகிறோம் என்று சொல்லுங்கள்.