சேலத்து மொட்டை மாடியில் காயும் பேக்பிளேட்: ஆறு வருட அனுபவம்

கடல் இல்லாத ஊரில் இருந்துகொண்டு ஸ்கூபா சாமான்களைச் சொந்தமாக வாங்க வேண்டுமா என்று 2019இல் வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எனக்கு ஏற்காட்டில் வேலை, அப்பா அம்மா சேலத்தில், டைவ் செய்யப் போவது புதுச்சேரிக்கு. ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் என்று சேலத்திலிருந்தே 200 கிலோமீட்டர் போக வேண்டும். ஆனால் என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். வாடகைக்குத் தரும் பிசிடி ஜாக்கெட் (காற்றை நிரப்பி மிதப்பதற்காகப் போடுவது) ஒன்றுகூட எனக்குப் பொருந்தியதில்லை. காற்றை நிரப்பினால் ஜாக்கெட் மட்டும் காதுவரை ஏறிவிடும், உடம்பு கீழேயே நிற்கும். முதுகில் சிலிண்டர் இடமும் வலமும் ஆடும். அதனால்தான் பேக்பிளேட், விங் பக்கம் வந்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதுகில் ஒரு உலோகத் தகடு. அதன் துளைகள் வழியாக ஒரே நாடா ஓடி இரண்டு தோள்களையும் இடுப்பையும் சுற்றி வரும். கால்களுக்கு நடுவே இன்னொரு பட்டை. தகட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையில் உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டை உள்ள காற்றுப்பை, அதுதான் விங். வட புளோரிடாவின் நீருக்கடிக் குகைகளில் இறங்குபவர்களுக்காக 1979இல் கிரெக் ஃப்ளானகன் செய்த தகட்டிலிருந்து வளர்ந்த வடிவம் இது. குகைக்குள் ஒரு கிளிப் உடைந்தால் நேராக மேலே வர வழி கிடையாது. அதனால் உடையக்கூடியது எதையும் முடிந்தவரை வைக்காத அமைப்பு.

என்னுடையது 3 மில்லிமீட்டர் எவர்சில்வர் தகடு, எடை 2.7 கிலோ. விங் 13 கிலோ தூக்கும். 130 டைவ்களுக்கு மேல் ஆகிவிட்டது.

தகட்டைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. அப்பா இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பார்சல் வந்த அன்றே காந்தத்தை வைத்துப் பார்த்தார். பரப்பில் ஒட்டவில்லை, வளைத்த மடிப்பில் மட்டும் லேசாக இழுத்தது. “304 தரத்து எவர்சில்வர் சரக்கா இருக்கும் கண்ணு. 316ன்னா மாலிப்டினம் ரெண்டு, மூணு சதவீதம் இருக்கும், உப்புக்கு இன்னும் நல்லாத் தாங்கும். இதுவும் தாங்கும். ஆனா உப்புத் தண்ணி மேலேயே காயாமப் பாத்துக்க” என்றார். அவர் சொன்னபடி செய்கிறேன், இன்றுவரை தகட்டில் துரு இல்லை. பட்டையை நிறுத்தும் சின்னக் கொக்கி ஒன்றில் மட்டும் பழுப்புப் புள்ளிகள் வந்தன, தேய்த்ததும் போய்விட்டன.

நேரம் எடுத்தது ஹார்னஸ், அதாவது அந்த நாடா அமைப்புதான். முதல் நாள் வீட்டில் சுடிதாரோடு மாட்டி, எல்லாவற்றையும் கச்சிதமாக இழுத்து வைத்தேன். புதுச்சேரியில் 3 மில்லிமீட்டர் வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) போட்டதும் கையே நுழையவில்லை. படகில் இரண்டு பேர் சேர்ந்து என்னை அதற்குள் திணித்தார்கள். அதற்குப் பிறகு வெட்சூட்டோடு, கண்ணாடி முன்னால் நின்று, நான்கு மாலைகள் செலவழித்தேன். தோள்பட்டை தளர்வாகத்தான் இருக்க வேண்டும். மார்புக்கும் நாடாவுக்கும் நடுவில் மூன்று விரல்கள் சுலபமாகப் போக வேண்டும். கையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோனால் தகட்டின் மேல் விளிம்பு விரல்நுனியில் தட்டுப்பட வேண்டும், தட்டுப்படாவிட்டால் தகடு கீழே தொங்குகிறது என்று அர்த்தம். மார்பு வளையங்களை அக்குள் மட்டத்தில் வைத்தேன். இடுப்புக் கொக்கியை நடுவிலிருந்து கொஞ்சம் வலது பக்கம் தள்ளினேன், கால்பட்டையின் கண்ணி அதோடு சிக்காது. கால்பட்டை தகடு மேலேறாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. அதை இறுக்கினால் குனிந்தே நடக்க வேண்டியிருக்கும். என்னைப் போல முதுகு குட்டையானவர்கள் வாங்குவதற்கு முன் தகட்டின் நீளத்தை அவசியம் பாருங்கள், கீழ் விளிம்பு இடுப்பெலும்பில் இடிக்கும்.

எடைக் கணக்கிலும் பெரிய மாற்றம். மூழ்குவதற்காக ஜாக்கெட்டோடு 6 கிலோ ஈயம் கட்டினேன், இப்போது 3 கிலோ. நிறைந்த அலுமினியம் சிலிண்டரில் உள்ள காற்றே இரண்டரை கிலோவுக்கு மேல் இருக்கும். அது தீரத் தீர சிலிண்டர் மிதக்கப் பார்க்கும். அதனால் டைவ் முடிவில், சிலிண்டரில் 50 பார் அழுத்தம் மீதியிருக்கும்போது, 5 மீட்டர் ஆழத்தில் விங்கைக் காலி செய்துவிட்டு அசையாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து எடையை முடிவு செய்யுங்கள். சேலத்து நீச்சல் குளத்தில் சரியாக இருந்த எடை கடலில் போதாது, உப்புத் தண்ணீர் இரண்டரை சதவீதம் கூடுதல் கனம்.

இனி கோளாறு. மூன்றாவது வருஷம், 14 மீட்டர் ஆழத்தில், இடது காதருகே மெல்லிசாக ஒரு சீறல் கேட்டது. நான் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை, உடம்பு மட்டும் மேலே போகிறது. சிலிண்டர் காற்றை விங்குக்குள் விடும் இன்ஃபிளேட்டர் தானாகவே காற்றை விட்டுக்கொண்டிருந்தது. அதற்குக் காற்று வரும் ஹோஸின் வளையத்தைப் பின்னால் இழுத்துக் கழற்றினேன், இடுப்பைத் தூக்கி, விங்கைக் காலி செய்யும் பின்பக்கக் கயிற்றை இழுத்தேன், குமிழிகள் கொப்பளித்துப் போயின. மூன்று மீட்டர் ஏறியிருந்தேன். மேலே வந்து வாயால் ஊதித்தான் மிதந்தேன். கழற்றும் பயிற்சியை முன்பே பத்து முறை செய்திருந்ததால் கை தானாகப் போனது. இதைப் படிப்பவர்கள் குளத்திலாவது ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு செய்து பாருங்கள்.

தப்பு என்னுடையது. மழைக்காலம் நான்கு மாதங்கள் சாமான்களை ஏற்காட்டில் அறை மூலையில் வைத்திருந்தேன். அங்கே பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வரும், துணி காய மூன்று நாட்கள் ஆகும். நாடாவில் பூஞ்சை பிடித்திருந்தது. இன்ஃபிளேட்டரைப் பிரித்தால், டயர் வால்வுக்குள் இருப்பது போன்ற அந்தச் சின்ன ஊசியைச் சுற்றிப் பச்சைக் களிம்பும் உப்புப் பொடியும்.

அப்போதிலிருந்து சாமான் சேலத்தில்தான். அதற்கு இன்னொரு காரணமும் அமைந்தது. டைவ் செய்துவிட்டு உடனே விமானம் ஏறக்கூடாது என்று டைவ் செய்கிற எல்லோருக்கும் தெரியும். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் மலை ஏறுவதும் அதே கணக்குதான் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஒரே டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். ஞாயிறு காலை 11 மணிக்குக் கடைசி டைவ் முடித்தால் அன்று இரவு சேலத்தில்தான் தூக்கம், திங்கள் விடிந்த பிறகுதான் 20 கொண்டை ஊசி வளைவுகளும். அந்த ராத்திரியைக் கழுவுவதற்கு வைத்துக்கொண்டேன். பெரிய பிளாஸ்டிக் டப்பில் எல்லாவற்றையும் ஊறப்போடுவேன். விங்குக்குள் இன்ஃபிளேட்டர் வழியாக நல்ல தண்ணீர் விட்டு, குலுக்கி, தலைகீழாகப் பிடித்து வடிப்பேன். இரண்டு முறை. பிறகு பாதி ஊதி மொட்டை மாடியில் நிழலில் தொங்கவிடுவேன். சேலத்து வெயில் நேராகப் பட்டால் பை கெட்டுவிடும். அப்புறம் வருஷத்துக்கு ஒரு முறை ஊசியையும் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையங்களையும் கடையில் கொடுத்து மாற்றுகிறேன்.

காற்றுப்பையில் ஒரு முறை ஊசிமுனை ஓட்டை. பஞ்சர் கடையில் செய்வது போலவே டப்பில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டினோம், இன்றும் நிற்கிறது. தகட்டின் மரைநட்டு ஒன்று தொலைந்தபோது கடையில் எட்டு எம்எம் நட்டு வாங்கினேன். இரண்டு சுற்று போய் இறுகிக்கொண்டது. லேத் பட்டறைப் பெரியவர் பார்த்த உடனே, “இது இன்ச்சு மரை கண்ணு, ரெண்டரை நூல்” என்றார். விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான், மரைதான் வேறு. இப்போது பையில் உபரி நட்டு நான்கு இருக்கின்றன.

குறைகளும் உண்டு. மேற்பரப்பில் விங்கை முழுக்க ஊதினால் முகத்தை முன்னால் தள்ளும். குறைவாக ஊதி, பின்னால் சாய வேண்டும். பாக்கெட் கிடையாது. ஒரே நாடா என்பதால் தண்ணீரிலேயே கழற்றப் பழக வேண்டும். நான் இடது தோளைத் தளர்த்தி முதலில் அந்தக் கையை உருவுகிறேன். அந்தமானுக்குப் பறக்கும்போது 15 கிலோ வரம்பில் தகடே கணிசமாகத் தின்றுவிடுகிறது. அடிக்கடி விமானத்தில் போகிறவர்கள் ஒரு கிலோவுக்கும் குறைவான அலுமினியத் தகடு வாங்கலாம், ஆனால் ஈயம் கூடும்.

போன மாதம் கழுவும்போது, வலது தோள் நாடா தகட்டின் துளையில் உரசும் இடத்தில் நூல் பிரிந்திருந்ததைப் பார்த்தேன். ஆறு வருஷத்தில் முதல் முறை. பன்னிரண்டு அடி புது நாடா வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த பயணத்துக்கு முன் அப்பா அந்தத் துளை விளிம்பை அரம் போட்டு வழவழப்பாக்கித் தருகிறேன் என்றிருக்கிறார்.