பச்சை டிக்கை நம்பி ஏமாந்தேன்: பிஎஃப், ஏற்றுமதி சாஃப்ட்வேர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

உச்சிப்புளிப் பக்கம் சின்னதாக ஒரு ரப்பர் பட்டறை வைத்திருக்கிறேன். வண்டிகளுக்கான புஷ், கேஸ்கட் அடித்து ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு அனுப்புகிறோம். ஆட்கள் 23 பேர். அந்தக் கம்பெனி வெளிநாட்டுக்கும் சரக்கு அனுப்புவதால், பொருள் எங்கே செய்தது, ஆட்களுக்கு பிஎஃப், இஎஸ்ஐ கட்டுகிறீர்களா என்று வருடா வருடம் படிவம் கேட்கும். இந்தத் தடவை அது எட்டுப் பக்கமாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் இந்த சாஃப்ட்வேர்க்காரர்கள் வந்தார்கள். (பெயர் போடவில்லை, வக்கீல் வேண்டாம் என்கிறார்.) ராமநாதபுரத்தில் ஓட்டல் ஹால் பிடித்து, குத்துவிளக்கு ஏற்றி அறிமுக விழா. வண்டிப் பாகம் செய்கிறவர்களுக்கென்றே தயாரித்ததாம். ஏற்றுமதி விதி, தொழிலாளர் சட்டம் இரண்டும் ஒரே திரையில். "அண்ணே, இனிமே பதினைஞ்சாம் தேதிய மறந்துடலாம்" என்றான் விற்க வந்த பையன். மாதா மாதம் பிஎஃப், இஎஸ்ஐ கட்டக் கடைசி நாள் அது. மறந்துதான் போனேன். முதல் பத்துப் பேருக்குப் பாதி விலை என்றதும் அங்கேயே 1,20,000 ரூபாய்க்குச் செக் எழுதினேன். பிரியாணி நன்றாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

ஆட்கள் விவரத்தை ஏற்றிய முதல் நாளே 23 பேருக்கும் சிவப்பு விழுந்தது. 'சம்பளம் மணிக்கு 16 டாலருக்குக் கீழ்' என்றது திரை. "அவ்வளவு குடுத்தா நானும் மெஷின்ல நிப்பேனே தம்பி" என்றார் எங்கள் கணக்கு பார்க்கும் அக்கா. விசாரித்தால், அது அமெரிக்கா, மெக்சிகோ, கனடா மூன்றுக்கும் இடையில் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின் விதி. அங்கே செய்த கார் வரிச்சலுகையோடு எல்லை தாண்ட வேண்டுமானால், அதன் மதிப்பில் 40 சதவீதமாவது மணிக்குச் சராசரி 16 டாலர் கூலி கொடுக்கும் ஆலைகளில் உருவாகியிருக்க வேண்டும். உச்சிப்புளிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? எங்கோ செய்ததை வாங்கி, முகப்பில் தமிழை ஒட்டி விற்றிருக்கிறார்கள்.

அப்புறம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது ஏழெட்டுப் பேர் எங்களிடம் வேலைக்கு வருவது வழக்கம். மாத நடுவில் சேர்கிற ஆளை அந்த சாஃப்ட்வேர் ஏற்கவே இல்லை. ஒன்றாம் தேதியே சேர்ந்ததாகப் போடுங்கள் என்றார்கள். கடலில் இருந்தவனுக்குப் பட்டறையில் வருகைப் பதிவா?

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஜூன் கடைசியில் ஒரு நாள் பிரஸ்ஸில் நிற்கிற பையன் போனை நீட்டினான். "அண்ணே, ரெண்டு மாசமா பிஎஃப் ஏறலையே." சம்பளத்தில் பிடித்த காசு. திரையிலோ இரண்டு மாதத்துக்கும் பச்சை டிக். அவனிடம் என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

பச்சை டிக் என்றால் ஃபைல் தயார் என்று மட்டும்தான் அர்த்தமாம். அந்த ஃபைலை பிஎஃப் அலுவலகத்தின் (இபிஎஃப்ஓ) தளத்தில் ஏற்றி, அதற்கு அடையாளமாகத் தளம் தரும் டிஆர்ஆர்என் எண் வந்த பிறகு சலானுக்குப் பணம் கட்டுவது நம் வேலையாம். ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. பேங்க் கணக்கில் அந்தப் பணம் குறையாமல் கிடந்ததை நான் கவனிக்கவில்லை, அது என் தப்பு. ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதற்கு மேல் மாதம் 1 சதவீதம் அபராதம் என்று என் தலையில் விழுந்தது.

யாராவது இப்படி விற்க வந்தால், உங்கள் சம்பளப் பட்டியலையே கொடுத்து, கண் முன்னால் டிஆர்ஆர்என் எண் வரவைக்கச் சொல்லுங்கள். அதுவரை செக் புக் வீட்டிலேயே இருக்கட்டும்.

தொழிலுக்காக வாங்கியதால் நுகர்வோர் கோர்ட்டில் நிற்காது என்கிறார் வக்கீல். பணத்தைத் திருப்பிக் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். விற்க வந்த அந்தப் பையன் போனை எடுப்பதில்லை. ஒரே ஒரு தடவை, கடலோரக் கச்சான் காற்றில் லைன் கிடைக்கவில்லை என்று மெசேஜ் போட்டான். அவன் ஆபீஸ் இருப்பது மதுரையில்.