ஷ்ராப்ஷயரில் ஒரு நாள்: இரும்புப் பாலமா, ஸ்டோக்சே கோட்டையா?

இங்கிலாந்தில் வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயர், வயலும் ஆட்டுமந்தையுமாகக் கிடக்கும் கிராமப்புற மாவட்டம். அங்கே ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் எதைப் பார்ப்பது?

உலகப் புகழ் இரும்புப் பாலத்துக்குத்தான். மூன்றாம் ஆபிரகாம் டார்பி வார்ப்பிரும்பில் கட்டி, 1781-இல் திறந்தது. செவர்ன் ஆற்றை 30 மீட்டருக்கு ஒரே வளைவில் தாண்டுகிறது. கிட்டே போய் இணைப்புகளைப் பாருங்கள்: தச்சர்கள் மரத்தில் செய்வதைப் போலவே இரும்பிலும் துளை போட்டுச் செருகியிருக்கிறார்கள். பழைய சுங்கப் பலகையோ, அரச குடும்பமும் காசு கட்டியாக வேண்டும் என்கிறது! இப்போது யாருக்கும் கட்டணம் இல்லை.

ஸ்டோக்சே பெயருக்குத்தான் கோட்டை. லட்லோ ஊர்க் கம்பளி வியாபாரி லாரன்ஸ் தனக்குக் கட்டிக்கொண்ட வீடு அது. அரண் அமைக்க 1291-இல் அரசரின் அனுமதி வாங்கினார். ஆனால் கூடத்தின் சன்னல்கள் எவ்வளவு பெரியவை! எதிரிக்கு அஞ்சியவர் இப்படிக் கட்டமாட்டார். பணக்காரர் என்று ஊருக்குக் காட்ட நினைத்தவர்தான் கட்டுவார். கூடத்தின் நடுவே எண்கோண அடுப்புத் தளம், மேலே பிரம்மாண்டமான மரக்கூரை. பின்னால் வந்த வாசல் மாளிகையில் ஆதாம் ஏவாள் மரச்சிற்பம். 1645 உள்நாட்டுப் போரில் பெரிய சண்டை இல்லாமலே சரணடைந்ததால் வீடு தப்பியது.

பொறியியலில் ஆர்வம் இருந்தால் பாலம், சரி. என் ஓட்டு ஸ்டோக்சேவுக்கே. மாவட்டத்தை வளர்த்த கம்பளிப் பணத்தை அங்கேதான் கண்ணால் பார்க்கலாம். கிரேவன் ஆர்ம்ஸ் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பாலத்துக்கு டெல்ஃபோர்டில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும்.