டில்டிங் வாங்காத பன்னிரண்டு வருடம்

போன வாரம் கிரைண்டருக்கு பெல்ட் மாற்றக் கொண்டுபோனேன். கடைக்காரர் அடித்தட்டைக் கழற்றினார், மோட்டாரைக் கையால் ஒரு சுற்று சுற்றினார், காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். "மோட்டார் புதுசு மாதிரி இருக்கு சார். இன்னும் பத்து வருஷம் தாராளமா ஓடும்" என்றார். வேறு யாராக இருந்தாலும் மகிழ்ந்திருப்பார்கள். எனக்கு முகம் தொங்கிப்போனது.

அதே வாரம் நண்பன் ஒருவன் போன் செய்தான். தங்கச்சிக்கு ஆவணியில் கல்யாணம், சீர் சாமான் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். "மச்சான், நீதான் வீட்டுல மாவு அரைக்கிற ஆளு. எந்த கிரைண்டர் நல்லா இருக்கும்?" இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வியை என்னிடம் இரண்டு வரியில் முடிக்க முடியாது.

எங்களுடையது எல்லார் வீட்டிலும் இருக்கிற டேபிள் டாப் தான். இரண்டு லிட்டர், 150 வாட், கூம்பு மாதிரி இரண்டு கல், கோயம்புத்தூர் தயாரிப்பு. 2013 பங்குனியில் வாங்கினோம், கல்யாணமாகி இரண்டு மாதம். அம்மா வீட்டில் அரசு கொடுத்த விலையில்லா கிரைண்டர் பெட்டி பிரிக்காமல் இருந்தது. "அதை எடுத்துட்டுப் போங்களேன்" என்று அம்மா சொன்னார்கள். "அது உங்களுக்கே இருக்கட்டும் அத்தை" என்று இவள் மறுத்துவிட்டாள். வாங்குகிற முதல் பெரிய சாமான் நம் காசில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு ஆசை. சரி என்று திருச்சி என்.எஸ்.பி. ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனோம்.

அங்கே டில்டிங் மாடல் ஒன்று இருந்தது. பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதைப் பிடித்து இழுத்தால் டிரம் அப்படியே சாய்ந்து மாவைப் பாத்திரத்தில் கொட்டிவிடும். இவள் கைப்பிடியை இரண்டு முறை சாய்த்துப் பார்த்தாள். மூன்றாவது முறையும் சாய்த்தாள். "இது நல்லா இருக்குங்க" என்றாள். சாதா மாடலைவிட 1,500 ரூபாய் அதிகம். அப்போது என் சம்பளம் 14,000, வீட்டு வாடகை 4,500. "மாவு வழிக்கிறதுக்கு 1,500 ரூபாயா? கையில வழிச்சா ஆகாதா?" என்று கேட்டேன். கடைக்காரப் பையன் முன்னால் கேட்டேன். அவன் சிரித்தான். இவள் சிரிக்கவில்லை.

அந்த வாக்கியம் இன்றுவரை எங்கள் வீட்டில் உயிரோடு இருக்கிறது.

டில்டிங் இல்லாத கிரைண்டரில் மாவு எடுப்பது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நிறுத்தி, மேலே இருக்கிற பூட்டைத் தளர்த்தி, இரண்டு கல்லையும் கைப்பிடியோடு மேலே தூக்க வேண்டும். கல் முழுக்க உளுந்து மாவு, அதாவது வெண்ணெய் பூசிய மாதிரி வழுக்கும். இடது கையில் அதைத் தொங்கவிட்டுக்கொண்டு, வலது கையால் கல்லைச் சுற்றிச் சுற்றி வழிக்க வேண்டும். இதற்குள் மாவு முழங்கை வரைக்கும் வந்திருக்கும். சரியாக அந்த நேரத்தில் போன் அடிக்கும், இல்லாவிட்டால் மூக்கு அரிக்கும். அப்புறம் டிரம்மைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாத்திரத்தில் சரிக்க வேண்டும். அடியில் கல் பதித்த டிரம், உள்ளே மாவு, எல்லாம் சேர்ந்து ஏழெட்டு கிலோ வரும். உளுந்துக்கு ஒரு முறை, அரிசிக்கு ஒரு முறை.

ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாரம் ஒரு நாள், நாளுக்கு இரண்டு முறை, பன்னிரண்டு வருடம். 1,248 தடவை வழித்திருக்கிறோம். 1,500 ரூபாயை அதால் வகுத்தால், தடவைக்கு ஒரு ரூபாய் இருபது காசு மிச்சம் பிடித்திருக்கிறேன். இதைப் போய் அவளிடமே சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

முதல் இரண்டு வருடம் அவள்தான் அரைத்தாள். அப்போது மின்வெட்டு கடுமை, ஒரு மணி நேரம் இருந்தால் ஒரு மணி நேரம் இருக்காது. உளுந்து பாதி பொங்கி வரும்போது போய்விடும். திரும்ப வரும்போது சுவிட்சை அப்படியே போட்டுவிடவும் கூடாது. உளுந்து கெட்டியாகக் கல்லைப் பிடித்திருக்கும், மோட்டார் உறுமும், பெல்ட் வழுக்கும், ரப்பர் கருகுகிற வாசனை வரும். கல்லை ஒரு முறை தூக்கி விட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, அப்புறம்தான் ஓட விட வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவள் கல்லைத் தூக்குவாள், நான் விசிறிக்கொண்டு நிற்பேன். "1,500 ரூபாய்" என்பாள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் சொல்ல மாட்டாள்.

2015-இல் அவளுக்கு ஏழாம் மாதம். குனிந்து டிரம்மைத் தூக்கக் கூடாது என்றார்கள், வேலை என் கைக்கு வந்தது. பாப்பா பிறந்தது, நடந்தது, பள்ளிக்கூடமும் போகிறது. வேலை மட்டும் திரும்பிப் போகவில்லை. "மிச்சம் பிடிச்சவர் வழிக்கட்டும்" என்பது சட்டமாகிவிட்டது.

இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. எனக்கு அந்த வேலை பிடித்துவிட்டது. ஊறின உளுந்தைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து விட்டால் முதல் பத்து நிமிடம் மணல் மாதிரி கரகரவென்று இருக்கும். அரை மணி நேரம் நெருங்கும்போது டிரம்மின் விளிம்பு வரை பஞ்சாக ஏறி நிற்கும். ஒரு சிட்டிகை எடுத்து டம்ளர் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், மிதந்தால் இட்லி பூ மாதிரி வரும். மிக்சி செய்யாத வேலை இது. பிளேடு வேகத்தில் மாவு சூடாகிவிடும், கல்லில் அது குளிர்ச்சியாகவே இருக்கும். சித்திரை மத்தியானம், மின்விசிறிக் காற்றே அனலாக வரும்போது, ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்த உளுந்துக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். டில்டிங் வைத்திருப்பவர்களுக்கு இது கிடைக்காது என்று ஒரு முறை சொன்னேன். "இதுக்கும் ஒரு நியாயம் கண்டுபிடிச்சுட்டீங்க" என்றாள்.

வருடம் எங்கே நிற்கிறது என்று எனக்கு இந்த மாவுதான் சொல்கிறது. சித்திரையில் ராத்திரி எட்டு மணிக்கு உப்புப் போட்டுக் கரைத்து வைத்தால் ஒரு மணிக்குப் பொங்கி மேடையில் வழிந்துகொண்டிருக்கும். அலாரம் வைத்து எழுந்து ஃப்ரிட்ஜில் வைப்பேன். அதே அளவு, அதே பாத்திரம், மார்கழியில் மறுநாள் மத்தியானம் வரைக்கும் கல்லுக்குண்டு மாதிரி அசையாமல் இருக்கும். பழைய போர்வையைச் சுற்றி அரிசி டிரம் பக்கத்தில் வைப்போம், பாப்பா "மாவுக்குக் குளிருதா" என்று கேட்பாள். மார்கழியில் மட்டும் கரைக்கிற வேலை என் மனைவியுடையது. அவள் கைக்குத்தான் புளிக்கும், என் கைக்குப் புளிக்காதாம். புளிக்க வைக்கிற நுண்ணுயிர் உளுந்திலேயே இருக்கிறது, கை ராசி எல்லாம் கிடையாது என்று படித்துக் காட்டினேன். அந்த வாரம் நானே கரைத்தேன். இட்லி தட்டையாக வந்தது. அதற்கு மேல் அறிவியல் பேசவில்லை.

மாசி கடைசியில் கூழ் வற்றல். அரிசியை ஊற வைத்து வெண்ணெய் மாதிரி அரைத்து, பச்சை மிளகாய், சீரகம், பெருங்காயம் போட்டுக் கிண்டி, மாடியில் பழைய வேட்டியை விரித்துப் பிழிவோம். பிழிவதற்கு முன் சூடாகக் கிண்ணத்தில் போட்டுக் கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டுச் சாப்பிடுகிற அந்தக் கூழ் இருக்கிறதே, வற்றல் அதற்கு ஒரு சாக்குதான். பாதி கூழ் மாடி ஏறாமலேயே தீர்ந்துவிடும். மீதியைக் காக்கைக்குக் காவல் இருந்து காய வைக்க வேண்டும். ஆடிப்பெருக்கு அன்றைக்கு கிரைண்டருக்கு விடுமுறை. புளிசாதமும் தேங்காய்ச் சாதமும் கட்டிக்கொண்டு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய்விடுவோம். தீபாவளிக்கு முந்தின ராத்திரி அதைப் பிடித்து மொத்தமாக வேலை வாங்குவோம். இட்லிக்கு இரண்டு ஈடு, வடைக்கு உளுந்து தனி, சுழியத்துக்கு மேல்மாவு தனி. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால் இட்லியும் கறிக்குழம்பும். அந்த ராத்திரி மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து வழிப்போம். அவள் கல்லைப் பிடிப்பாள், நான் வழிப்பேன், அடுப்பில் கறி வெந்துகொண்டிருக்கும். அன்றைக்கு 1,500 பேச்சு வராது. வெளியே வெடிச்சத்தத்தில் வந்தாலும் கேட்காது.

குறை என்று பார்த்தால், மாவைத் தள்ளிவிடுகிற பிளாஸ்டிக் துண்டு மூன்றாம் வருடம் உடைந்தது. பெல்ட் 2018-இல் ஒரு முறை, இப்போது ஒரு முறை. கல்லுக்குள் இருக்கிற புஷ் தேய்ந்து கொஞ்ச நாள் கிரீச்சென்று கத்தியது, அதையும் இந்தத் தடவை மாற்றிவிட்டேன். எல்லாம் சேர்த்து 450 ரூபாய். கரண்டைப் பற்றிக் கவலையே வேண்டாம், ஒரு மணி நேரம் ஓடினால் 0.15 யூனிட். வாரம் ஒரு மணி நேரம் என்றால் வருடத்துக்கு எட்டு யூனிட்கூட வராது. கல் கழுவுகிற தண்ணீரில் முதல் கழுவல் மாவுக்கே போகும், இரண்டாவது கழுவல் கறிவேப்பிலைச் செடிக்கு. அந்தச் செடி இப்போது பக்கத்து வீட்டுக்காரர்களும் பறிக்கிற அளவுக்கு வளர்ந்து நிற்கிறது. பாக்கெட் மாவோடு ஒப்பிட்டு எழுதுவார்கள் இல்லையா, அதை நான் செய்யப் போவதில்லை. ஊருக்குப் போய்விட்டு வந்த ராத்திரிக்கு பாக்கெட் மாவு தெய்வம், மற்ற நாளில் வேண்டாம்.

ஆக, நல்ல பொருள். நியாயமாகப் பார்த்தால் நாலரை நட்சத்திரம் கொடுக்க வேண்டும். ஆனால் நான் இரண்டுதான் கொடுப்பேன். காரணம், இது கெட்டுப்போக மாட்டேன் என்கிறது. கெட்டுப்போனால் டில்டிங் வாங்கிக் கணக்கை முடித்துவிடலாம் என்று ஐந்தாறு வருடமாகக் காத்திருக்கிறேன். 2019-இல் கல்லைத் தரையில் போட்டேன் (வேண்டுமென்றே இல்லை). தரை டைல்தான் உடைந்தது. ஓடுகிற சாமானைத் தூக்கிப் போட மனசு வருகிறதா? எனக்கு வரவில்லை, அவளுக்கும் வராது. "பழசைக் கொடுங்க சார், புது டில்டிங்ல 600 கழிச்சுக்கிறேன்" என்று அந்த ரிப்பேர் கடைக்காரர் சொன்னபோது அதனால்தான் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

நண்பனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். "மச்சான், ஆயிரமோ இரண்டாயிரமோ பார்க்காதே. டில்டிங் வாங்கு. மாப்பிள்ளை நிம்மதியா இருப்பான்."

நேற்று சனிக்கிழமை. புது பெல்ட் சத்தமே இல்லாமல் ஓடியது. உளுந்தை வழித்துக்கொண்டிருந்தபோது இவள் போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். நண்பனின் தங்கைதான், கல்யாணப் பெண். அண்ணன் டில்டிங் என்கிறார், அக்கா என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள்.

"டில்டிங்கா? அது எதுக்கும்மா. மேடையில பாதி இடத்தை அடைச்சுக்கும். எங்க அக்கா வீட்டுல இருக்கே, டிரம்மைக் கழட்டித் தொட்டியில போட்டுக் கழுவ முடியாம அவ படுற பாடு. சாதாவே வாங்கு. மிச்சக் காசுக்கு நல்ல கனமான இட்லிப் பாத்திரம் ஒண்ணு வாங்கிக்க."

நான் இடது கையில் கல்லைத் தொங்கவிட்டபடி அடுப்படி வாசலில் போய் நின்றேன். முழங்கையிலிருந்து மாவு தரையில் சொட்டியது. அவள் போனை வைக்கிற வரைக்கும் பொறுத்திருந்தேன்.

"அப்ப பன்னிரண்டு வருஷமா என்னை...?"

"அது வேற" என்றாள். "தரையெல்லாம் சொட்டுது பாருங்க. போய் அரிசியைப் போடுங்க."