அடி கழலும் குழாய் ஃபீடர்: நோயுற்ற பறவை வந்தால் எவ்வளவு உதவும்?

அமெரிக்காவில் பறவை ஃபீடர் (தோட்டத்தில் பறவைகளுக்கு விதை வைக்கும் கலம்) விற்கும் பெட்டிகளில் பெரிய எழுத்தில் இருப்பது இரண்டே சங்கதி: அணில் ஏறாது, இத்தனை பவுண்டு விதை பிடிக்கும். வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கண் வீங்கிய ஹவுஸ் ஃபிஞ்ச் (விதை தின்னும் சிறு பறவை) ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டால், இந்த ஃபீடரை முழுதாகக் கழற்றித் தேய்க்க முடியுமா? இந்த அளவுகோலில் முன்னால் நிற்பது, ஸ்க்ரூடிரைவர் இல்லாமலே அடிப்பகுதி கழலும் பாலிகார்பனேட் (உறுதியான பிளாஸ்டிக்) குழாய் ஃபீடர்.

அடி கழலாத குழாயில், பறவை விதையெடுக்கும் கடைசித் துளைக்குக் கீழே ஒரு குழி இருக்கும். அங்கே விழும் விதையைப் பறவையால் எடுக்க முடியாது. மழைநீர் இறங்கி அது ஊறி, கட்டிதட்டி, பூஞ்சணம் பிடிக்கும். அதில் வளரும் அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை பறவையின் நுரையீரலையும் காற்றறைகளையும் தாக்கக்கூடியது. மேல்வாய் வழியாக விடும் பிரஷ் அந்த மூலையைச் சரியாகத் தேய்க்காது. அடி கழன்றால் இரு முனையும் திறந்த வெறும் குழாய்தான். நீளமான பாட்டில் பிரஷ் போதும். வாங்கும்போது அடித்தட்டு கடைசித் துளையை நோக்கிச் சரிந்திருக்கிறதா, நீர் வடியத் துளை உண்டா, துளைகளின் உலோக விளிம்பும் தனியாகக் கழலுமா என்று பாருங்கள். மூன்றாவது இல்லாவிட்டால், விளிம்புக்கும் குழாய்க்கும் நடுவே அழுக்கு தங்கும்.

குழாய் ஃபீடருக்குப் பெரிய குறையும் ஒன்று உண்டு. விதையெடுக்கப் பறவை தலையைத் துளைக்குள் நுழைக்கும்போது, நோயுற்ற கண் விளிம்பில் உரசும். அடுத்த பறவையின் கண்ணும் அதே இடத்தில்தான் படும். கோழிப் பண்ணைகளில் அறியப்பட்ட மைக்கோபிளாஸ்மா காலிசெப்டிகம் என்ற பாக்டீரியா, 1994 குளிர்காலத்தில் வாஷிங்டன் டி.சி. வட்டாரத்து ஹவுஸ் ஃபிஞ்சுகளில் கண்நோயாகத் தென்பட்டது. அங்கிருந்து கிழக்கு அமெரிக்கா முழுக்கப் பரவியது. இமை வீங்கி, பொருக்குத் தட்டி, கண் மூடிப்போன பறவை, மற்றவை பறந்த பிறகும் ஃபீடரிலேயே உட்கார்ந்திருக்கும். வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் ஃபீடரைக் கூண்டிலிருந்து நன்றாகத் தள்ளி மாட்டுவது அவசியம்.

அதற்காகத் தட்டு ஃபீடருக்கு மாறுவது தீர்வல்ல. தட்டில் எச்சமும் விதையும் கலக்கும். சால்மொனெல்லா என்ற பாக்டீரியா பரவும் வழியே அதுதான். 2020–21 குளிர்காலத்தில் பைன் சிஸ்கின் என்ற சிறு பறவைகள் இப்படித்தான் நிறைய மடிந்தன. காட்டுப் பறவைகளோடு தொடர்புடைய அந்தத் தொற்று 12 மாநிலங்களில் 29 பேருக்கு வந்ததாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசி பதிவு செய்தது. குழாயின் அடியில் மாட்டத் தனியாக விற்கும் தட்டையும் இதனாலேயே நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மர ஃபீடர் பார்க்க அழகுதான், ஆனால் ஈரத்தை உறிஞ்சும் மரத்தில் கிருமிநீக்கம் முழுமையாகாது.

ஒரு பறவை நோயுற்றுத் தெரிந்தாலும் எல்லா ஃபீடரையும் அன்றே இறக்குங்கள். பறவைக் குளியல் தொட்டியையும் காலி செய்யுங்கள். மிச்ச விதையைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். காயவைத்து மறுபடி நிரப்பக் கூடாது. கையுறை மாட்டி, வெளியில் ஒரு வாளியில் கழுவுங்கள், சமையலறைத் தொட்டி வேண்டாம். முதலில் வெந்நீரும் சோப்பும்: அழுக்கு இருந்தால் பிளீச் வேலை செய்யாது. பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறட்டும். பிளீச்சோடு வினிகரைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். அதிக நேரம் ஊறினால் உலோக விளிம்பு அரிக்கும். வாடை போகும்வரை அலசி, ஈரமே இல்லாமல் உலர்த்துங்கள். அடிப்பகுதியின் மரைகளில் ஈரம் நின்றால் புதிய விதையும் ஒட்டிக் கெடும். கீழே தரையில் கிடக்கும் உமியையும் எச்சத்தையும் வாரி அகற்றுங்கள்.

குறைந்தது இரண்டு வாரம் ஃபீடர் கீழேயே இருக்கட்டும். பறவைகள் பட்டினி கிடக்காது, இயற்கையில் இரை தேடிக்கொள்ளும். பக்கத்து வீட்டிலும் ஃபீடர் இருந்தால் சொல்லிவிடுங்கள், கூட்டம் நேரே அங்கேதான் போகும். மறுபடி மாட்டும்போது, ஆறு துளைக் குழாய் ஒன்றைவிட மூன்று துளைக் குழாய் இரண்டைத் தள்ளித் தள்ளி மாட்டுவது நல்லது, நெரிசல் குறையும். குழாய் நிறையக் கொட்டாமல் ஓரிரு நாளில் தீரும் அளவே நிரப்புங்கள். நோய் இல்லாத காலத்திலும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவத்தான் வேண்டும்.

குடிநீரில் ஆன்டிபயாடிக் கலக்கும் யோசனை வேண்டாம். எந்தப் பறவை எவ்வளவு குடித்தது என்று தெரியாது. பாதி குணமான பறவை நோயைச் சுமந்து திரியும். அமெரிக்காவின் 1918 வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டப்படி இவற்றைப் பிடித்து வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்கவும் கூடாது. பறக்க முடியாமல் கிடந்தால், உரிமம் பெற்ற வனவிலங்கு மறுவாழ்வாளரைக் கூப்பிடுங்கள்.