ஏடபிள்யூபி: தடையா, கோட்டாவா, காசா?

யாழ்ப்பாணம் கொக்குவிலில் நண்பன் வீட்டின் பின்அறையில் ஆறு பழைய கம்ப்யூட்டர்களைக் கேபிளில் இணைத்து, ஞாயிறு மாலைகளில் கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 விளையாடுகிறோம். மூன்று பேருக்கு எதிராக மூன்று பேர். எல்லோருக்கும் முப்பது தாண்டிவிட்டது. ஆனாலும் ஒரு துவக்கால் இரண்டு கிழமை ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்தோம். விளையாட்டுக்குள் வருகிற அந்தத் துவக்கு ஏடபிள்யூபி, தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடும் ஸ்னைப்பர். காலைத் தவிர எங்கே பட்டாலும் ஒரே வெடியில் ஆள் முடிஞ்சுது.

றவுண்ட் தொடங்கும்போது விளையாட்டுக் காசில் துவக்கு வாங்க வேண்டும். எங்களில் ஒருத்தன் அதைத் தவிர வேறெதையும் வாங்கமாட்டான். டஸ்ட் 2 என்ற மேப்பில் நடுக்கதவுக்கு நேரே நின்றுகொண்டு, தெரிகிற தலையை எல்லாம் எடுத்துவிடுவான். 'இது விளையாட்டா, குருவி சுடுறதா?' என்று மற்றவன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழும்பிப் போன நாளில்தான், சட்டம் ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்தோம். மூன்று வழிகள் இருந்தன. மூன்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டோம்.

முதல் வழி தடை. இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சண்டை நின்றது, ஆனால் இரண்டு கிழமைக்குத்தான். பிறகு முறைப்பாடு ஆட்டோ ஸ்னைப்பருக்கு மாறியது, அதன்பின் ஷொட்கன்னுக்கு. எது கையில் வைத்திருப்பவன் வெல்கிறானோ அதுவே அநியாயமான துவக்கு ஆகிவிடுகிறது. நீளமான பாதைகளில் ஏகே துவக்கின் உதைப்பை நன்றாக அடக்கத் தெரிந்தவன் ராஜாவானான். அது வேறு யாருமில்லை, தடை கேட்டு எழும்பிப் போனவன்தான்.

இரண்டாவது, அணிக்கு ஒன்று. கேட்க நியாயமாக இருக்கும். 2022இல் பெற்றோலுக்குக் கியூஆர் கோட்டா வந்ததே, பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர், அதுபோல. ஆனால் பெற்றோல் தாங்கியிலிருந்து தெறித்து அடுத்தவன் பைக்குக்குள் விழாது. துவக்கு விழும். எதிரணியின் ஸ்னைப்பர்காரனைச் சுட்டுவிட்டு அவனுடையதை எடுத்தால் எங்களிடம் இப்போது இரண்டு. கீழே போட வேண்டுமா? அடுத்த றவுண்டுக்குக் கொண்டுபோகலாமா? உயிரைப் பணயம் வைத்து எடுத்தவனிடம் 'போடடா' என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? அதோடு, அணிக்குள் அந்த ஒன்று யாருக்கு என்ற கேள்வி. முறை வைத்தோம். முறை வந்தவனுக்குச் சுடத் தெரியாமல் போக, மற்ற இருவரும் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று புறுபுறுத்தார்கள்.

மூன்றாவது வழி காசு. அதற்கு வந்தது தற்செயலாக. நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த மச்சான் ஒரு ஞாயிறு எங்களோடு இருந்தான். கவுண்டர் ஸ்ட்ரைக் 2 விளையாடுகிறவன். முதல் றவுண்டிலேயே ஆறு பேரும் கவசமும் ஸ்னைப்பருமாக ஓடுவதைப் பார்த்துவிட்டு, 'ஏன்டா எல்லாரிட்டயும் 16000 இருக்கு?' என்று கேட்டான்.

பதில் எங்களுக்கே தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் அது பள்ளிக்கூடக் காலத்து நெட் கஃபேயின் பழக்கம். மணித்தியாலத்துக்குக் காசு கொடுத்து வரும் பெடியள் கைத்துப்பாக்கியோடு நேரத்தை வீணாக்க விரும்பமாட்டார்கள் என்று, கஃபேக்காரர் தொடக்கக் காசை 16000 ஆக்கி வைத்திருந்தார். விளையாட்டு அனுமதிக்கும் உச்சம் அது. சாதாரணமாக வருவது 800. நாங்கள் சொந்தமாக சர்வர் போட்டபோதும் அதையே பழக்கதோஷத்தில் வைத்துவிட்டோம்.

தொடக்கக் காசு என்ற இந்த ஒரு எண்ணில்தான் எல்லாமே இருக்கிறது. ஏடபிள்யூபி 4750, தலைக்கவசத்தோடு கவசம் 1000. 16000த்தில் தொடங்கினால், மூன்று றவுண்ட் தொடர்ந்து தோற்று, ஒவ்வொரு முறையும் இரண்டையும் வாங்கிச் செத்தாலும், தோற்றவர்களுக்கு விளையாட்டு கொடுக்கும் தோல்விப் பணம் 1400, 1900, 2400 என்று ஏறி வருவதால் கையில் 4450 மிஞ்சும். அதாவது சாவுக்கு விலையே இல்லை. 800இல் தொடங்கினால் கதை வேறு. முதல் றவுண்டில் 800ஐயும் செலவழித்துத் தோற்றவன், அடுத்த இரண்டு றவுண்டிலும் எதுவும் வாங்காமல் கைத்துப்பாக்கியோடு அடி வாங்கினால்தான் நான்காவதில் 5700 சேரும். ஏடபிள்யூபியும் 650க்கு வெறும் கவசமும் வாங்கினால் மிச்சம் 300. ஒரு வெடி தவறினால் அடுத்ததற்குக் கிட்டத்தட்ட ஒன்றரை செக்கன். அதற்குள் செத்தால் மூன்று றவுண்ட் பட்டினியும் எதிரிக்குச் சீதனமாகப் போய்விடும். அப்போது அந்தத் துவக்கை அநியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

விளையாட்டைச் செய்தவர்களும் இந்தப் பக்கம்தான் யோசித்திருக்கிறார்கள் போல. 1.6இல் எந்தத் துவக்கால் ஒரு ஆளை எடுத்தாலும் 300 கிடைக்கும். பின்னால் வந்த கவுண்டர் ஸ்ட்ரைக் குளோபல் ஒஃபென்சிவ்வில் ஏடபிள்யூபியால் எடுத்தால் 100தான். 2015இல் ஸ்கோப் போட்டபடி நடக்கும் வேகத்தைக் குறைத்தார்கள். 2022இல் அதன் மகசீனில் பத்துத் தோட்டா ஐந்தானது. அதே 2015 டிசம்பரில் ஆர் 8 ரிவோல்வரை 850க்கு விட்டபோது, மலிவு விலையில் ஒரே வெடியில் ஆளை எடுக்கிறது என்று ஊரே கத்தியது, சில நாட்களில் அதன் பல்லைப் பிடுங்கினார்கள். 1.6க்கு இனி யாரும் திருத்தம் அனுப்பப்போவதில்லை, எங்கள் கையில் இருப்பது தொடக்கக் காசு மட்டும்தான்.

ஒளித்திருந்து சுடுவது பற்றியும் சண்டை வந்தது. றவுண்ட் நேரத்தை ஐந்து நிமிடத்திலிருந்து இரண்டுக்குள் கொண்டுவந்ததும், நேரம் முடியமுன் குண்டு வைக்க வேண்டியவன் தானாக எழும்பி ஓடினான். சரி, அது முடிந்தது.

போனில் பப்ஜி விளையாடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்துமா என்றால், நான் மருமகன்களோடு சேர்ந்து கொஞ்ச நாள் விளையாடியதை வைத்துத்தான் சொல்ல முடியும். அங்கே கடை இல்லை. அங்கத்தைய ஸ்னைப்பரான ஏடபிள்யூஎம், விமானத்திலிருந்து விழும் ஏர்டிரொப் பெட்டியில் மட்டும் வரும், தோட்டாவும் மட்டு. பெட்டி விழுந்த இடத்துப் புகையைப் பார்த்து ஊரே துவக்கோடு வரும், அதுதான் அதன் விலை என்று எனக்குப் பட்டது. ஏடபிள்யூபி மட்டுமே உள்ள ஏடபிள்யூபி இந்தியா மாதிரி மேப்புகளையும் ஒரு ஞாயிறு போட்டோம். நியாயம் பூரணமாக இருந்தது, இருபது நிமிடத்தில் கொட்டாவியும் வந்தது.

800க்கு மாறி இரண்டு மாதம் ஆகிறது. ஸ்னைப்பர்காரன் இப்போது பாதி றவுண்டுகளில் ஏகேதான் வாங்குகிறான், 2500 ரூபாய்க்கு அது போதும் என்கிறான். (டொலர்தான், எங்கள் வாயில் ரூபாய்.) ஒன்றுக்கு மட்டும் என் கொள்கை சரிவரவில்லை: கேடயம். 2200தான், முன்னால் பிடித்தால் தோட்டா உள்ளே போகாது. ஐந்து பேர் இருந்தால் ஒருவன் பின்னால் சுற்றிப் போகலாம். மூன்று பேரில் அனுப்ப ஆள் இல்லை. அதனால் ஏடபிள்யூபிக்குத் தடை வேண்டாம் என்று இரண்டு மாதமாக வாதாடிய நானே, போன ஞாயிறு கேடயத்தைத் தடை செய்யச் சொல்லிக் கை தூக்கினேன்.